தேருக்குச் சான்று உண்டு, காருக்கு மட்டும் கிடையாதா?

நம் தமிழ்நாட்டில் ஒருவர் தேர் செய்யலாம். பஸ்ஸுக்குக் கூடு கட்டலாம். பாய்லர் செய்யலாம். இவற்றுக்கெல்லாம் அரசு ஒரு வழி வைத்திருக்கிறது. பொறியாளர் வந்து பார்ப்பார், தட்டிப் பார்ப்பார், அளந்து பார்ப்பார், சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவார். ஆனால் அதே ஆள், அதே வெல்டிங் மெஷினை வைத்துக்கொண்டு தனக்கென்று ஒரே ஒரு கார் செய்து, அதற்கு நம்பர் கொடுங்கள் என்று கேட்டால் வழி கிடையாது.

இது தவறு என்பது என் கட்சி. அரசு அலுவலகத்தில் வாழ்நாளெல்லாம் கோப்பு தள்ளியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். மறுப்பது சுலபம், சோதிப்பதுதான் வேலை. சுலபமானதைச் செய்துவிட்டு அதற்குப் 'பாதுகாப்பு' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

எந்தக் காரைச் சொல்கிறேன் என்று முதலில் விளக்கிவிடுகிறேன். பழைய காலத்து ஸ்போர்ட்ஸ் கார்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். கூரை கிடையாது, இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு. இங்கிலாந்தின் காலின் சாப்மன் 1957-ல் கொண்டுவந்த லோட்டஸ் செவன் ஒன்று. 1962-ல் வந்த ஏ.சி. கோப்ரா இன்னொன்று. அசல் கோப்ரா வண்டிகள் இன்று கோடிக்கணக்கில் விலை போகின்றன. ஆகவே ஆசைப்பட்டவர்கள் இரும்புப் பைப்பில் பிரேம் செய்து, யாரோ ஓட்டி முடித்த காரின் எஞ்சினை அதில் பொருத்தி, மேலே ஃபைபர் கிளாஸ் அல்லது அலுமினியத் தகடு மூடி, அதே சாயலில் வண்டி கட்டுகிறார்கள். உலகமெங்கும் நடக்கிற காரியம் இது. 1996-ல் ரான் சாம்பியன் என்ற ஆங்கிலேயர், 250 பவுனில் நீங்களே ஸ்போர்ட்ஸ் கார் செய்யலாம் என்று ஒரு புத்தகமே போட்டார். அதைப் படித்துவிட்டு வீட்டுக் கொட்டகையில் வண்டி கட்டியவர்கள் ஏராளம்.

எங்கள் கப்பலூர் தொழிற்பேட்டையிலும் அப்படி ஒரு தம்பி இருக்கிறான். லேத் வைத்திருக்கிறான். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் லோட்டஸ் செவன் சாயலில் ஒரு பிரேம் செய்திருக்கிறான். மூன்று வருஷமாக அது தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. "எங்க கேட்டாலும் பதிய முடியாதுன்னு சொல்றாங்க சார்" என்கிறான். கப்பலூர் டோல்கேட்டில் கட்டணம் கேட்கிறார்கள் என்று இந்தச் சுற்றுவட்டாரமே சண்டை போட்டிருக்கிறது. அவனுக்கு அந்தச் சண்டை போடும் பாக்கியம்கூட இல்லை. வண்டி ரோட்டுக்கு வந்தால்தானே டோல்!

சரி, பைப்பில் செய்த பிரேம் பலமாக இருக்குமா? சந்தேகப்படுகிறவர்கள் தங்கள் வீட்டுச் சைக்கிளைப் பார்க்கட்டும். மெல்லிய பைப்தான். அதில் ஒரு மூட்டை அரிசியும் இரண்டு ஆளும் போகவில்லையா? 25 மில்லிமீட்டர் விட்டமும் 3 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள பைப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதே எடைக்கு உள்ளீடற்ற பைப்புக்குப் பதில் கெட்டிக் கம்பி வாங்கினால் சுமார் 16 மில்லிமீட்டர் கம்பிதான் கிடைக்கும். வளைக்கப் பார்த்தால் கம்பியைவிடப் பைப் கிட்டத்தட்ட நாலு மடங்கு விறைப்பாக நிற்கும். மூங்கிலுக்கு இந்தக் கணக்கு இயற்கையாகவே தெரியும்.

இன்னொரு வேடிக்கை. அதே பைப்பில் நீளவாக்கில் ஒரு கோடு போல வெட்டிவிடுங்கள். எடை குறையாது. ஆனால் முறுக்கினால் தாங்கும் விறைப்பு 40-ல் ஒரு பங்காகிவிடும். பைப் மூடியிருக்கும்வரைதான் பைப். லாரிகளில் இருக்கும் 'ப' வடிவச் சட்டங்கள் எளிதில் முறுக்கிக்கொள்வதும் இதனால்தான். லாரிக்கு அது பரவாயில்லை, குண்டும் குழியுமான ரோட்டில் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். வேகமாகத் திரும்புகிற சிறிய காருக்கு ஆகாது. பிரேம் நெளிந்தால் சக்கரம் நிற்கும் கோணம் மாறும். ஸ்டியரிங் ஒரு பக்கம் சொல்லும், வண்டி ஒரு பக்கம் போகும்.

இரண்டாவது விஷயம், முக்கோணம். நாலு சட்டம் அடித்த படலைத் தூக்கி நிறுத்திப் பாருங்கள், சாயும். மூலைக்கு மூலை ஒரு குறுக்குச் சட்டம் அடித்தால் அசையாது. நம் ஊர்த் தச்சர் எவரும் இதைச் சொல்லுவார். லோட்டஸ் செவனின் பிரேம் மெல்லிய பைப்களை இப்படி முக்கோணம் முக்கோணமாகச் சேர்த்ததுதான். அதனால்தான் முழு வண்டியே சுமார் 500 கிலோவில் முடிந்தது. 1954-ல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்.எல். காரின் பிரேமும் இதே வகை. பலத்துக்காக அதன் பக்கவாட்டை உயரமாகக் கட்டியதால் வழக்கமான கதவு வைக்க இடமில்லாமல் போயிற்று. கதவுகளைப் பறவையின் இறக்கை மாதிரி மேல்நோக்கித் திறக்க வைத்தார்கள். உலகமே அதை அழகு என்றது. அழகுக்காகப் பிரேமை மாற்றவில்லை, பிரேமுக்காகக் கதவை மாற்றினார்கள்.

கோப்ரா வேறு வகை. ஏணி மாதிரி, நீளவாக்கில் 3 அங்குலப் பைப் இரண்டு. பிறகு 7 லிட்டர் எஞ்சினை வைத்தபோது, பழைய பிரேம் தாங்காது என்று 4 அங்குலப் பைப் போட்டுப் பிரேமையே புதிதாக வரைந்தார்கள். எஞ்சின் பெரிதானால் எலும்பும் பெரிதாக வேண்டும் என்ற சாதாரண அறிவு அது.

இத்தனை விவரம் ஏன் சொல்கிறேன் என்றால், பலமான பிரேம் என்பது ரகசியமோ மந்திரமோ இல்லை. கணக்கு உண்டு, முறை உண்டு. ஆகவே சோதிக்கவும் முடியும்.

இனி நம்மிடம் என்ன இல்லை என்று பாருங்கள். ஆவடியில் 1955-லேயே டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா ஆரம்பித்தார்கள். வாகனங்களுக்கான எஃகுப் பைப் அங்கே தயாராகிறது. திருச்சியில் பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் இருக்கிறது. பைப் இருக்கிறது, பற்றவைக்கக் கற்றுக்கொடுக்கும் இடமும் இருக்கிறது. ஆளும் இல்லாமல் இல்லை. கோவைக் கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை 80-களிலேயே உருவாக்கினார். 'ஃபார்முலா மாருதி' என்ற அந்தப் பந்தயத்தில் ஸ்ரீபெரும்புதூரில் ஓட்டித் தொடங்கிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கல்லூரிப் பிள்ளைகளும் செய்கிறார்கள். பாஹா என்ற போட்டி 2007 முதல் மத்தியப்பிரதேசத்துப் பீதாம்பூரில் நடக்கிறது. மாணவர்கள் தாங்களே பைப்பில் பிரேம் செய்து வண்டி ஓட்ட வேண்டும். மேலே நான் சொன்ன 25 மில்லிமீட்டர், 3 மில்லிமீட்டர் கணக்கு அந்தப் போட்டியின் விதியில் உள்ளதுதான். எஃகில் கார்பன் குறைந்தது 0.18 சதவீதம் இருக்க வேண்டும் என்றும் அந்த விதி சொல்கிறது. இருபது வயதுப் பிள்ளைகளின் பிரேமைச் சோதிக்க விதி எழுத முடிந்திருக்கிறது. நாற்பது வயது லேத்துக்காரரின் பிரேமைச் சோதிக்க ஏன் எழுத முடியாது?

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். தமிழில் 'சட்டம்' என்றால் ஜன்னலைத் தாங்குவதும் சட்டம், நாட்டைத் தாங்குவதும் சட்டம். தாங்க வேண்டியது இங்கே தடுக்கிறது.

1989-ம் வருடத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 126-வது விதி, வண்டி தயாரிக்கிறவர் மாதிரி வண்டி ஒன்றைப் பூனா, மானேசர் போன்ற இடங்களில் உள்ள சோதனை நிலையங்களுக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும் என்கிறது. ஆயிரக்கணக்கில் வண்டி செய்யும் கம்பெனிக்கு அது நியாயம். செலவை அத்தனை வண்டிகளிலும் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரே ஒரு வண்டி செய்கிறவனுக்கும் அதே வாசல்தான். பழைய வண்டியைத் திருத்திச் செய்யலாம் என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டது. நீதிமன்றத்தைக் குறை சொல்லவில்லை. சட்டத்தில் இருப்பதை அவர்கள் சொன்னார்கள். சட்டத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

கதவு எல்லோருக்கும் இப்படிச் சாத்தியிருந்தால்கூட ஒருவிதம். 2018-ல் அரசு ஒரு சலுகை தந்தது. ஐரோப்பிய, ஜப்பானியத் தரங்களின்படி ஒப்புதல் பெற்ற வெளிநாட்டுக் கார்களை ஒரு கம்பெனி வருஷத்துக்கு 2,500 வரை இங்கே மறுபடி சோதனை இல்லாமல் இறக்கலாம். 2021-ல் இன்னொரு சலுகை. 50 வயது தாண்டிய, அசல் உருவம் மாறாத பழைய வண்டிகளுக்குத் தனிப் பதிவு, நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து, புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கவனியுங்கள். கப்பலில் கார் இறக்க வசதி உள்ளவருக்கு ஒரு வாசல். பாட்டனார் வாங்கிய காரைக் காப்பாற்ற வசதி உள்ளவருக்கு ஒரு வாசல். தன் கையால் செய்தவனுக்கு மட்டும் சுவர். ஆகவே, 'இதெல்லாம் பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு' என்று சொல்கிறவர்களுக்கு என் பதில் இது: பணக்காரர்களுக்கு ஏற்கெனவே வழி இருக்கிறது. வழி இல்லாதவன் லேத்துக்காரன்தான்.

இது நமக்குப் புதிதும் அல்ல. 1952-ல் கோவை ஜி.டி. நாயுடு, இருவர் போகும் பெட்ரோல் கார் ஒன்றை 2,000 ரூபாய்க்குக் கொடுக்கலாம் என்று உருவாக்கினார். அரசு உரிமம் தரவில்லை. அந்தக் காரின் கதை அங்கேயே முடிந்தது. எழுபது வருஷம் கழித்தும் நாம் அதே கதவின் முன்னால்தான் நிற்கிறோம்.

"விபத்து நடந்தால் யார் பொறுப்பு?" என்பீர்கள். நல்ல கேள்வி. இதைச் சும்மா ஒதுக்க நான் தயாரில்லை. மோசமான பிரேம் ஆளைக் கொல்லும். தண்ணீர்க் குழாயை வாங்கிப் பற்றவைத்து, வெல்டிங் பளபளவென்று தெரிய வேண்டும் என்று கிரைண்டரால் தேய்த்து மெலிய வைத்து, மேலே சிவப்புப் பெயின்ட் அடித்தவன் செய்தது கார் அல்ல, பாடை. சீட் பெல்ட்டைப் பிரேமில் மாட்டாமல் ஃபைபரில் மாட்டியவனும் அப்படித்தான். இவர்களைப் பிடிக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் தடையால் இவர்கள் பிடிபடுகிறார்களா? யாராவது ஒருவன் பழைய ஆர்.சி. புத்தகம் ஒன்றைத் தேடிப் பிடித்து, அந்த நம்பரை மாட்டிக்கொண்டு இரவில் ஓட்டத்தான் தடை வழி செய்கிறது. ஒழுங்காக விண்ணப்பம் போட வருகிறவன்தான் வாசலிலேயே திரும்பிப் போகிறான்.

சோதனை அப்படி ஒன்றும் பெரிய வித்தையும் அல்ல. வெல்டிங்கில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கச் சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, வெள்ளைப் பொடியைத் தெளித்தால் போதும். கீறல் இருந்தால் சிவப்புக் கோடாகக் காட்டிக்கொடுக்கும். பிரேமின் பின்பக்கத்தைத் தரையோடு பூட்டி, முன்பக்கம் குறுக்கே ஒரு உத்திரம் கட்டி, ஒரு முனையில் எடை தொங்கவிட்டால் எத்தனை டிகிரி முறுக்குகிறது என்று அளந்துவிடலாம். பைப் வாங்கிய பில், மில் கொடுத்த சான்று, வெல்டரின் தகுதிச் சான்று, ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த போட்டோ. பிரேக், ஸ்டியரிங், விளக்கு, தலைக்குப் பின்னால் கவிழ்ந்தால் தாங்கும் வளையம். புகைக்கு, ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற காரின் எஞ்சினை அதன் கம்ப்யூட்டரோடும் புகைவடிகட்டியோடும் சேர்த்துத்தான் பொருத்த வேண்டும் என்று விதி. இரண்டு பொறியாளர், இரண்டு நாள், ஒரு கோப்பு.

இதெல்லாம் என் கற்பனை இல்லை. இங்கிலாந்தில் 1998 முதல் ஒற்றை வண்டி ஒப்புதல் என்று தனி முறை உண்டு. 2009-ல் அதைக் கடுமையாக்கிப் புதிய பெயரில் நடத்துகிறார்கள். வீட்டில் கட்டிய காரைக் கொண்டுபோய் நிறுத்தினால் அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்து, குறை இருந்தால் எழுதிக் கொடுத்துத் திருப்பி அனுப்புவார். சரி செய்துகொண்டு மறுபடி போகலாம். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அதில் கண்ட சில்லறை லாபங்களில் ஒன்று, அவர்கள் சட்டத்தை அவர்கள் மொழியிலேயே படிக்க முடிவது. 'ரெசெப்ஸியோன் ஆ தித்ர் இஸோலே' என்பார்கள். தனி ஒன்றாக ஏற்றுக்கொள்ளுதல் என்று பொருள். முன்பு இந்த வேலையைப் பார்த்தது அவர்களுடைய சுரங்கத் துறை! சுரங்கத்துக்கும் காருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். இயந்திரம் தெரிந்த அரசுப் பொறியாளர்கள் அந்தத் துறையில் இருந்தார்கள், ஆகவே வேலையை அவர்களிடம் கொடுத்தார்கள். ஆள் எங்கே இருக்கிறானோ அங்கே கோப்பை அனுப்பும் புத்தி அது.

நம்மிடமும் அந்தப் புத்தி இல்லாமல் இல்லை. சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் ஓடும் தேர் எந்தக் கம்பெனியில் ஒப்புதல் வாங்கியது? தமிழ்நாட்டில் தேரோட்டத்துக்கு முன்னால் பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் வந்து அச்சையும் சக்கரத்தையும் பார்த்து உறுதிச் சான்று தருவது வழக்கம். பல தேர்களுக்கு இரும்புச் சக்கரமும் பிரேக்கும் திருச்சி பெல்லில் செய்தவை. அந்த மாதிரித் தேர் உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கும். அதனால் அதைச் சோதிக்க முடியாது என்று யாரும் சொல்லவில்லையே!

தேர் ஊர்ந்து போகும், கார் பறக்கும் என்று மடக்குவீர்கள். பறக்கிற பஸ்ஸையே எடுத்துக்கொள்வோம். நாற்கரச் சாலையில், மேல்கூடு இல்லாத சேஸிஸ் மேல் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஓட்டிப்போகும் டிரைவரைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப் போகிற சேஸிஸ்களில் பலவற்றுக்குக் கரூரில்தான் இரும்புப் பைப்பில் கூடு பற்றவைக்கிறார்கள். ஐம்பது உயிர் அதில் போகிறது. பஸ் கூடுகள் ஆளுக்கு ஒரு விதமாக இருக்கின்றன, கவிழ்ந்தால் நசுங்குகின்றன என்று புகார் வந்தபோது அரசு கரூருக்குப் பூட்டுப் போடவில்லை. ஏ.ஐ.எஸ். 052 என்று பஸ் கூட்டுக்கு விதிமுறை எழுதியது, கூடு கட்டுகிறவர்களை அங்கீகரிக்க ஏற்பாடு செய்தது. பாய்லர் வெடித்து ஆள் செத்த காலத்தில் வெள்ளைக்காரன்கூடப் பாய்லரைத் தடை செய்யவில்லை. 1923-ல் சட்டம் போட்டான். ஒவ்வொரு பாய்லரையும் தனித்தனியாக இன்ஸ்பெக்டர் பார்க்க வைத்தான். 

கடைசியாக ஒரு ஆட்சேபம் உண்டு. 'நகல்தானே, இதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?' சுவாமிமலையில் வார்க்கிற நடராஜர் எல்லாமே முன்னோர் வகுத்த அளவின் நகல்தான். யாரும் அதைப் போலி என்பதில்லை. அளவை மதித்துச் செய்தால் நகலிலும் கைவேலை கற்கலாம். லோட்டஸ் பெயர்ப் பட்டையை ஒட்டி அசல் என்று விற்றால்தான் மோசடி.

நான் கேட்பது பெரிதில்லை. சொந்த உபயோகத்துக்கு ஒரு வண்டி கட்டுகிறவருக்குத் தனி விண்ணப்பம் ஒன்று வேண்டும். கட்ட ஆரம்பிக்கும் முன்பே பதிந்துகொள்ள வேண்டும். பெயின்ட் அடிக்கும் முன் பிரேமைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், ஏனென்றால் பெயின்டுக்குப் பின் பார்ப்பதில் பயனில்லை. நம் அரசுப் பொறியியல் கல்லூரிகளில் இயந்திரவியல் துறையும் சோதனைக் கூடமும் இருக்கின்றன. அவர்களே சோதிக்கட்டும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் பதியட்டும். கட்டணம் வாங்குங்கள், ஐந்து வருஷம் விற்கக்கூடாது என்று சொல்லுங்கள், வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி காட்டச் சொல்லுங்கள். தேறாத பிரேமை அங்கேயே வெட்டிப் போடுங்கள், அதற்கும் சம்மதம்.

வயதான நமக்கு இந்தக் கார் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும், அவ்வளவு தாழ்வாக இருக்கும் அந்த இருக்கை. எனக்கு அது வேண்டாம். ஆனால் நம் பேரப்பிள்ளைகளில் எவனாவது கையில் இரும்பைத் தொட்டு ஒன்றைச் செய்து நிறுத்தினால், 'அடே, எப்படிச் செய்தாய், காட்டு பார்க்கலாம்' என்று கேட்க அரசாங்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும். இன்றைக்கு இருப்பது 'விதியில் இடமில்லை' என்று எழுதித் திருப்பும் ஆள். அந்த வாக்கியத்தை எழுத எத்தனை நிமிஷம் ஆகும் என்பது எனக்குத் தெரியும், ஒரு நிமிஷம்கூட ஆகாது.